ஸ்கேல்ஸ்னாலே மூஞ்சி தூக்குறா, பியானோ சொல்லித்தர்றவங்க என்ன பண்றீங்க?

வெள்ளைக்கட்டை:
பொண்ணுக்கு ஒன்பது வயசு, ரெண்டு வருஷமா கத்துக்கிறா. டீச்சர் நல்லவங்கதான், குறை சொல்லல, ஆனா ஆறு மாசமா ஹானான்ங்கிற விரல் பயிற்சி புக்கு எக்ஸர்சைஸும் ஸ்கேல்ஸும்தான் (சுரங்களை வரிசையா ஏறி இறங்குறது) ஓடிக்கிட்டிருக்கு. இருபது நிமிஷ டைமர் அடிச்சதும் மூடியை டப்புனு சாத்திட்டு ஓடிடுறா. ஆனா டிவில கேட்ட பாட்டை ஒத்த விரலால தேடித் தேடிப் பிடிச்சு, அப்புறம் ரெண்டு கையும் சேத்து முக்கா மணி நேரம் உக்காந்திருக்கா, கூப்பிட்டாக்கூட காதுல விழாது. அதையே வாசிக்க விட்டா கை கெட்டுப்போயிடும்ங்கிறாங்க டீச்சர். நெஜமாவா?

பெடல்மிதி:
பதினெட்டு வருஷமா சொல்லித்தர்றேங்க. முதல் அஞ்சாறு வருஷம் நானும் உங்க டீச்சர் மாதிரிதான், எனக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. இப்ப என் கணக்கு வேற, பாட்டு எங்க மாட்டுதோ அங்கதான் டெக்னிக்கை எடுப்பேன். வலது கையில ஸி-ங்கிற சுரத்துல இருந்து வரிசையா மேல ஏறுற வரின்னு வெச்சுக்குங்க, விரல் அஞ்சுதான் இருக்கு, சுரம் எட்டு. மூணாவது சுரம் தாண்டினதும் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில பூந்து எஃப்-ஐப் பிடிக்கணும். பசங்க அப்ப முழங்கையை வெளிய தூக்கிருவாங்க, கட்டைவிரல் தொம்முனு விழும், அந்த ஒரு சுரம் மட்டும் சத்தமா கேக்கும். "எது கத்துது?"ன்னு மட்டும் கேப்பேன். அதுங்களே தேடிக் கண்டுபிடிச்சிரும், அப்புறம் அந்த நாலு சுரத்தை மட்டும் மெதுவா பத்து தடவை. ஸ்கேல்தான் அது, பேரு சொல்றதில்ல.

பியானோ மேதை ஷோபான்கூட மாணவர்களுக்கு வெள்ளைக்கட்டை மட்டும் வர்ற ஸி மேஜர் ஸ்கேலை முதல்ல குடுக்கல, பி மேஜரைத்தான் குடுத்தார். பேப்பர்ல அஞ்சு ஷார்ப் (சுரத்தை அரைப்படி ஏத்துற குறி), பாத்தாலே பயமா இருக்கும், ஆனா நீட்டு விரலெல்லாம் கருப்புக்கட்டை மேல தானா உக்காந்துரும், கட்டைவிரல் வெள்ளையில நிக்கும், கைக்கு அவ்ளோ சுகம்.

தப்புத்தாளம்:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். யாரும் திருத்தாம காதால கேட்டே வளந்தவன் நான், ஜாலின்னா அப்படி ஒரு ஜாலி. பதினேழு வயசுல ஆக்டேவ் (கையை விரிச்சு ஒரே சுரத்தை மேலயும் கீழயும் சேத்து அடிக்கிறது) நெறைய வர்ற பீஸ் ஒண்ணு எடுத்தேன், ரெண்டாவது பக்கம் முடியறதுக்குள்ள முன்கை கல்லாட்டம் இறுகிடும். மணிக்கட்டைப் பூட்டி வெச்சே வாசிச்சிருக்கேன் இத்தனை வருஷமும்! அந்தப் பழக்கத்தை விட ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனால ஹானானை ஒரேயடியா திட்டாதீங்க, 1873ல வந்த புக்கு, 60 எக்ஸர்சைஸ், இன்னும் ஓடுதுன்னா சும்மா இல்ல. தூங்கிக்கிட்டே வாசிச்சாத்தான் வேஸ்ட்.

பெடல்மிதி:
@தப்புத்தாளம் ஒத்துக்கிறேன். மணிக்கட்டு இறுக்கம், தூக்குன தோள், இந்த ரெண்டையும் பாத்த எடத்துலயே நிறுத்திடுவேன், பாட்டு எவ்ளோ நல்லா போனாலும் சரி. மத்ததெல்லாம் காத்திருக்கலாம். கிளாஸ்ல கடைசி அஞ்சு நிமிஷம் அவங்க இஷ்டம், என்ன வேணா வாசிக்கலாம், நான் வாயே திறக்க மாட்டேன் (தப்பு விரல் வரும்போது நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், அது வேற கதை).

@வெள்ளைக்கட்டை டீச்சரை மாத்த வேணாங்க, அந்த டிவி பாட்டை கிளாஸ்லயே ஒரு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.

வெள்ளைக்கட்டை:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். நேத்து அவ பாட்டு வாசிக்கிறப்ப "எது கத்துது?"ன்னு கேட்டுப் பாத்தேன், "நீதாம்மா கத்துற"ன்னுட்டா. ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு அந்த எடத்தை மட்டும் நாலஞ்சு தடவை மெதுவா வாசிச்ச சத்தம் கிச்சன் வரைக்கும் கேட்டுச்சு. வியாழக்கிழமை கிளாஸ், டீச்சர்கிட்ட பேசிட்டு வந்து சொல்றேன்.