சபையில் ஃபுட் பேண்ட்ரி நடத்துகிறோம், நின்றுபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது

திண்ணைவிளக்கு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபை ஹாலுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு அறையில் பத்து மாதமாக, வாரம் ஒரு நாள், கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு மளிகைப் பொருள் கொடுத்து வருகிறோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆளாளுக்குக் கொண்டுவந்து குவித்தார்கள், அறைக்குள் கால் வைக்க இடமில்லை. இரண்டே மாதத்தில் அலமாரி பாதி காலி. போன வாரம் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு கடைசியாக வந்தார், கொடுக்க இரண்டு டின்னும் ஒரு பாக்கெட் உப்பும்தான் மிச்சம். அதை வாங்கிக்கொண்டு அவர் நன்றி சொன்னார் பாருங்கள், இன்னும் மனசு ஆறவில்லை. வேலை செய்வது நான், என் மனைவி, இன்னொரு பிரதர், மூன்றே பேர். இதற்கிடையில் கமிட்டியில் சிலர் “வெளியாட்கள்தான் அதிகம் வருகிறார்கள், நம் சபையாருக்கு மட்டும் கொடுத்தால் போதாதா” என்கிறார்கள். நடத்தி அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழையபொருளாளர்:

பிரதர், பொருளை நம்பாதீர்கள், மாதச் சந்தாவை நம்புங்கள். பொருளாக வருவது பண்டிகைக்குப் பண்டிகைதான் வரும், அதுவும் எல்லாரும் ஒரே பொருளையே கொண்டுவருவார்கள். சின்னத் தொகைதான், ஆனால் மாதாமாதம் தருகிறேன் என்று முப்பது குடும்பம் பெயர் கொடுத்தால், எது தீர்ந்ததோ அதை மொத்த விலையில் நீங்களே வாங்கிப் போடலாம். அந்தப் பணத்தைச் சபைக் காணிக்கையோடு கலக்கவே கலக்காதீர்கள். தனிக் கணக்கு, எண்ணும்போது இரண்டு பேர், மாதக் கடைசியில் வரவு செலவு நோட்டீஸ் போர்டில். கணக்கைக் கண்ணால் பார்த்தால் கொடுக்கிறவர்கள் நிறுத்த மாட்டார்கள். அப்புறம், குவிந்த மாதத்தில் வாரி வழங்காமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அளவு வைத்து, ஒரு மாதச் சரக்கை எப்போதும் தொடாமல் வையுங்கள். கடைசியில் வருகிற அந்த அம்மாவுக்காகத்தான் அந்தச் சரக்கு.

கடைகளையும் விடாதீர்கள். 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய முதல் உணவு வங்கி, கடைகளில் விற்காமல் வீணாகிற பொருளைச் சேர்த்துத்தான் ஆரம்பித்தது. இடம் கொடுத்தது அங்கிருந்த செயின்ட் மேரி ஆலயம். ஒன்று மட்டும், எடுக்க வருகிறேன் என்று சொன்ன நாளில் கட்டாயம் போய் நில்லுங்கள். இரண்டு முறை தவறினால் கடைக்காரர் வேறு வழி பார்த்துக்கொள்வார்.

அடுக்களைக்காரி:

சரக்கு வைக்கிற விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். தரையோடு வைத்த ஒரு மூட்டையில் ஈரம் ஏறி வண்டு வைத்து, பக்கத்து மூட்டைகளுக்கும் பரவி, மொத்தத்தையும் குப்பையில் கொட்டினோம், அன்று அழுகையே வந்துவிட்டது. தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பொருள் வந்தவுடனே தேதியை மார்க்கரில் பெரிதாக எழுதி, புதியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் வையுங்கள். உப்பிய டின், மடிப்பில் நசுங்கிய டின், யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தரத்துக்கு, ‘யூஸ் பை’ பாதுகாப்புக்கு, இந்த வித்தியாசம் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிய வேண்டும். குழந்தைகளுக்கான பால் பவுடர் மட்டும் தேதி ஒரு நாள் தாண்டினாலும் கொடுக்கக் கூடாது.

ஒலிவக்கிளை:

கமிட்டிக்கு வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள் ஐயா. கிரேக்கம் பேசிய விதவைகளை அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்ந்து கொடுப்பதில், கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தபோது, பந்தியைச் சுருக்கவில்லை, அதற்கென்று ஏழு பேரைத் தேர்ந்து அமர்த்தினார்கள். உங்கள் இரண்டு பிரச்சினைக்கும் அதிலேயே வழி இருக்கிறது. மூன்று பேர் சுமக்க முடியாது, ஆளுக்கு மாதம் ஒரு முறை என்று முறை போடுங்கள். வாங்க வருகிறவர்களையும் கேளுங்கள். எங்களிடம் இப்போது அலமாரி அடுக்குகிறவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் பை ஏந்தி வந்தவர்கள். கட்டிய பையைக் கையில் திணிக்காமல், கடையில் எடுப்பதுபோல அவர்களையே எடுக்க விடுங்கள். நாங்கள் அப்படி மாற்றியதும், வேண்டாததை வெளியே வைத்துவிட்டுப் போவது நின்றது, கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றவர்களும் உள்ளே வந்தார்கள்.

திண்ணைவிளக்கு:

ரொம்ப நன்றி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சந்தாவுக்குப் பெயர் எழுதத் தொடங்குகிறேன், பலகைக்கும் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம், வருகிறவர்களிடம் பெயர், முகவரி, வருமானமெல்லாம் கேட்டு எழுத வேண்டுமா?

ஒலிவக்கிளை:

வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, ஒத்துக்கொள்ளாத உணவு ஏதாவது உண்டா, இவ்வளவு போதும். பெயர் எழுதியே ஆக வேண்டும் என்றால் நோட்டைப் பூட்டி வையுங்கள். எங்கள் நோட்டு ஒரு நாள் ஹால் மேசையில் கிடந்தது, சபையார் யாரோ புரட்டிப் பார்த்துவிட்டு நல்லெண்ணத்தில்தான் ஒரு குடும்பத்திடம் போய் விசாரித்தார்கள். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு வரவே இல்லை. நாங்கள் இரண்டு முறை வீட்டுக்குப் போயும் கதவு திறக்கவில்லை.