நர்ஸ் கேஸ் மேனேஜர்: தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். அமெரிக்காவில் வேலையில் காயமுற்றவரின் சிகிச்சையையும் வேலைக்குத் திரும்புவதையும் ஒருங்கிணைக்கும் செவிலியரை 'நர்ஸ் கேஸ் மேனேஜர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். குழுவில் வந்த கேள்வி:

> "செவிலிய வழக்கு மேலாளர்" போதாதா? எளிதாகப் புரிகிறதே.

ஐயா, அந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் வேலைத்தளத்தில் அடிபட்டு இழப்பீடு கோருபவருக்கு 'வழக்கு' என்றதும் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். தொழிலாளர் இழப்பீடோ பொதுவாகத் தவறு யாருடையது என்று கேளாமலே கொடுக்கும் முறை. மருத்துவத்தில் கேஸ் என்பதற்கு 'நேர்வு' என்று எழுதுகிறோம், அதையே எடுக்கலாம்.

எனக்குப் பெரிய கவலை 'செவிலியர்' பற்றித்தான். நர்ஸ் கேஸ் மேனேஜர் செவிலியம் படித்தவரே. ஆனால் ஊசி போடுவதில்லை, கட்டு மாற்றுவதில்லை. மருத்துவரைப் பார்க்க நாள் குறிக்கிறார்; எப்போது வேலைக்குத் திரும்பலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதுகிறார். அந்த அறிக்கை போய்ச் சேருவது காப்பீட்டு நிறுவனத்தின் அட்ஜஸ்டரிடம், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையை ஆராயும் அலுவலரிடம். சம்பளமும் அந்தப் பக்கத்திலிருந்துதான். "நேற்றுத் தோட்டத்தில் கொஞ்சம் மண் வெட்டினேன்" என்று பேச்சுவாக்கில் சொன்னால் அதுவும் கோப்பில் ஏறலாம். சொன்னவரோ தம்மைக் கவனிக்க வந்த நர்ஸிடம் மனம்விட்டுப் பேசியதாக நினைத்திருப்பார்.

பரிசோதனை அறைக்குள் அவர் கூடவே வருவதையும் பலர் மறுக்க முடியாது என்றே எண்ணுகிறார்கள். விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஜார்ஜியாவில், மிகக் கடுமையான காயங்கள் நீங்கலாக, இவரை அமர்த்தவே தொழிலாளர் தரப்பின் இசைவு வேண்டும். வட கரோலினாவில் மருத்துவரிடம் தனியே பரிசோதித்துக்கொள்ளும் உரிமை விதியிலேயே உண்டு. "நான் முதலில் தனியாகப் பார்த்துவிடுகிறேன், பிறகு நீங்கள் பேசுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லலாம். சொல்ல வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: காப்பீட்டுத் தரப்புச் செவிலியர்.

---

> காப்பீட்டுத் தரப்புச் செவிலியர்

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் சொல் பொருந்தவில்லை. பெரிய முதலாளிகள் பலர் காப்பீடு எடுக்காமல் தாங்களே இழப்பீட்டைச் சுமக்கிறார்கள். அங்கும் இந்தச் செவிலியர் உண்டு. தண்டுவடம் முறிந்தவருக்குச் சக்கர நாற்காலியும் வீட்டு வாசலில் சாய்தளமும் கிடைக்க அலைபவரும் இவராக இருக்கலாம். பெயரிலேயே அவரை எதிர்த்தரப்பு ஆக்க வேண்டுமா? 'நேர்வுச் செவிலியர்' என்று வைத்து, மற்றதை விளக்கத்தில் சொல்லலாமே.

---

ஐயா, முதலாளி பற்றிய மறுப்பு சரியானது. 'நேர்வுச் செவிலியர்' எனக்குச் சம்மதம். தொலைபேசியில் மட்டும் பேசுபவர் 'தொலைபேசி நேர்வுச் செவிலியர்', நேரில் வருபவர் 'கள நேர்வுச் செவிலியர்'. ஆனால் யார் அமர்த்துகிறார் என்பது விளக்கத்தின் முதல் வரியிலேயே வர வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதிவுக்கான வரைவு:

நேர்வுச் செவிலியர் (பெ.): தொழிலாளர் இழப்பீட்டில், காப்பீட்டு நிறுவனமோ முதலாளியோ ஊதியம் கொடுத்து அமர்த்தும் செவிலியர். காயமுற்றவரின் சிகிச்சையையும் வேலைக்குத் திரும்புவதையும் ஒருங்கிணைத்து, அமர்த்தியவருக்கு அறிக்கை தருபவர். தாமே சிகிச்சை அளிப்பவர் அல்லர்.