இஎஸ்பி32-இல் நேரலை சென்சார் டேஷ்போர்டு: செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், பூந்தொட்டி மண்ணின் ஈரம் மூன்றையும் கைபேசி உலாவியில் நேரலையாகப் பார்க்க இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறிய சிப் போர்டு) வைத்து ஒரு டேஷ்போர்டு, அதாவது அளவுகளைக் காட்டும் பக்கம், செய்தேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது மண் ஈர சென்சார். தனியாகச் சோதித்தபோது ஒழுங்காக மதிப்பு தந்தது. வைஃபை இணைந்ததும் நின்றுவிட்டது. ஒயரை மாற்றினேன், சென்சாரையே மாற்றினேன், பலனில்லை. காரணம் சிப்புக்குள் இருக்கிறது. அனலாக் அளவெடுக்க, அதாவது சென்சார் தரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற, அதில் ஏடிசி1, ஏடிசி2 என இரண்டு அலகுகள் உண்டு. இரண்டாவதை வைஃபையும் எடுத்துக்கொள்கிறது. சென்சாரை ஏடிசி2-ஐச் சேர்ந்த 25ஆம் பின்னிலிருந்து (ஒயர் இணைக்கும் முனை) 34க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. ஏடிசி1 பின்கள் 32 முதல் 39 வரை. அனலாக் சென்சார் எதுவானாலும் முதலிலேயே அங்கே இணைத்துவிடுங்கள்.

அப்புறம், உலாவி நொடிக்கொரு முறை புது மதிப்பு கேட்கும்படி வைத்திருந்தேன். வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் டிஎச்டி22 சென்சார் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் புது அளவு தரும் என்பதால் பாதிக் கேள்விகள் வீண். உலாவிக்கும் போர்டுக்கும் இடையே இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட்டுக்கு மாறிய பிறகு, அளவு கிடைத்ததும் போர்டே அனுப்பிவிடுகிறது. கைபேசியிலும் கணினியிலும் எண்கள் ஒரே நேரத்தில் மாறுவதைப் பார்க்க அவ்வளவு மகிழ்ச்சி!

பதில்:
ஏடிசி2 சிக்கல் எனக்கும் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருநாள் இரவு முழுக்க என் டேஷ்போர்டில் வெப்பநிலை அசையவே இல்லை. போர்டுக்கு மின்சாரம் நின்றுபோயிருந்தது. பக்கம் மட்டும் கடைசி எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. நேரலை என்று நம்பிப் பார்ப்பவருக்குப் பழைய எண் தவறான எண்தான். இப்போது ஒவ்வொரு மதிப்பின் கீழும் அது வந்த நேரத்தைக் காட்டுகிறேன். பத்து நொடிக்குப் புதிதாக எதுவும் வராவிட்டால் எண் சாம்பல் நிறமாகி, 'தொடர்பில்லை' என்று வரும். இந்தக் கணக்கை உலாவியிலேயே வையுங்கள். அணைந்துபோன போர்டால் தான் அணைந்ததைச் சொல்ல முடியாது. திடீரென மின்சாரம் போனால் வெப்சாக்கெட் இணைப்பு அறுந்தது உலாவிக்கும் உடனே தெரியாது.

பதில்:
வெப்பநிலை சென்சாரை போர்டை ஒட்டி வைக்காதீர்கள். வைஃபை ஓடும்போது சிப் சூடாகும். மூடிய பெட்டிக்குள் அந்தச் சூட்டையும் சேர்த்துத்தான் சென்சார் அளக்கும். ஒயரை நீட்டி சென்சாரைப் பெட்டிக்கு வெளியே வைத்த பிறகுதான் என் அளவு சுவரில் மாட்டிய வெப்பமானியோடு ஒத்துப்போனது.