வளையமாக ஒளிரும் மூளைக்கட்டி: கிளையோபிளாஸ்டோமாவா (தீவிர மூளைப் புற்றுநோய்), சீழ்க்கட்டியா?

கேள்வி (மாலதி_ரேடியோ):
கான்ட்ராஸ்ட் (படத்தில் எடுப்பாகத் தெரிய ஊசியில் செலுத்தும் மருந்து) கொடுத்த டி1 வகை எம்ஆர்ஐ படத்தில் நெற்றிமடலில் ஒரு கட்டி வளையமாக ஒளிர்கிறது. நடுவில் கருப்பு, சுற்றிலும் வீக்கம். காய்ச்சல் இல்லை. பயாப்ஸிக்கு (திசு எடுத்துச் சோதிப்பதற்கு) முன்னால் எம்ஆர்ஐயிலேயே எவ்வளவு தூரம் பிரித்துச் சொல்ல முடியும்?

குமரன்_நியூரோ:
காய்ச்சல் இல்லை என்பதால் சீழ்க்கட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தைப் பாருங்கள், அதுவும் வளையத்தை அல்ல, நடுப்பகுதியை. சீழ் கெட்டியானது, அதற்குள் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகராது. அதனால் பி-1000 என்ற டிஃப்யூஷன் படத்தில் வெளுப்பாகவும், அந்த நகர்வின் அளவைக் காட்டும் ஏடிசி படத்தில் கருப்பாகவும் தெரியும். கிளையோபிளாஸ்டோமாவின் நடுவில் இருப்பது செத்துக் கரைந்த திசு. அங்கே பெரும்பாலும் ஏடிசி கூடும்.

ஏடிசி பார்க்காமல் பி-1000ஐ மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். டி2 படத்தில் (நீர் வெளுப்பாகத் தெரியும் எம்ஆர்ஐ வகை) இருக்கும் வெளுப்பே அதில் ஊடுருவித் தெரியும். கட்டிக்குள் ரத்தம் கசிந்திருந்தாலும் ஏடிசி குறையலாம், அதனால் ரத்தக்கசிவைக் காட்டும் எஸ்டபிள்யூஐ படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூஞ்சை, டாக்சோபிளாஸ்மா (ஓர் ஒட்டுண்ணி) தொற்றுகளில் நடுப்பகுதி இப்படி நடந்துகொள்ளாமலும் போகலாம்.

செல்வி_டெக்:
எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது: கான்ட்ராஸ்டுக்கு முன்னும் பின்னும் டி1 ஒரே அளவுருக்களில் இருக்கட்டும். முன் படம் இல்லையென்றால் பழைய ரத்தத்தின் வெளுப்பைக் கான்ட்ராஸ்ட் என்று எண்ணிவிடுவோம். கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியம் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல், செலுத்தி 5 நிமிடம் கழித்து எடுத்தால் விளிம்பு நன்றாகத் தெரியும்.

பெர்ஃப்யூஷன் (திசுவின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் படம்) வேண்டுமென்றால் கான்ட்ராஸ்டை நொடிக்கு 4-5 மில்லி வேகத்தில் செலுத்த வேண்டும். ஊசி 18 அல்லது 20 கேஜ். மணிக்கட்டு ரத்தக்குழாய் தாங்காது, முழங்கை மடிப்பில் போடுங்கள். வளையத்தில் ரத்தக்கொள்ளளவு கூடியிருந்தால் கிளையோபிளாஸ்டோமா பக்கம் சாயும்; சீழ்க்கட்டியின் சுவரில் அது பொதுவாகக் குறைவு.

குமரன்_நியூரோ:
திசுவில் உள்ள வேதிப்பொருள்களை வரைபடமாகக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் சேர்க்கலாம். வாக்ஸலை (அளவெடுக்கும் சிறு கட்டம்) எலும்பு, சைனஸிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லையென்றால் வரைபடத்தின் அடிக்கோடு (பேஸ்லைன்) கெட்டுவிடும். கட்டியின் நடுப்பகுதியில் வரைபடத்தின் 0.9 பிபிஎம் (இடத்தைக் குறிக்கும் அலகு) அருகே அமினோ அமிலம் வந்தால் பாக்டீரியா சீழ் என்பதற்கு நல்ல ஆதாரம். லாக்டேட் மட்டும் வந்தால் எதையும் முடிவு கட்டாதீர்கள், இரண்டிலும் வரும். டிஇ (எதிரொலி நேரம்) 135-144 மில்லிநொடியில் லாக்டேட்டின் முகடு தலைகீழாகும், லிப்பிட் (கொழுப்பு) முகடு ஆகாது. இரண்டையும் பிரிக்க அது உதவும்.

மாலதி_ரேடியோ:
நோயாளிக்கு ஏற்கெனவே டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு மருந்து) ஓடுகிறதே?

குமரன்_நியூரோ:
அதை ரிப்போர்ட்டில் கட்டாயம் எழுதுங்கள். ஸ்டீராய்டு ஒளிர்வையும் வீக்கத்தையும் குறைக்கும். கட்டி லிம்போமா (நிணநீர்ச் செல் புற்றுநோய்) என்றால் பயாப்ஸியிலேயே விடை கிடைக்காமல் போகலாம். மருந்தைத் தொடர்வதா என்று அறுவை மருத்துவரிடம் உடனே பேசுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.