நெல்லுல அடி இலை ஊதாவா மாறுது, ஃபிளேவனாய்டு (செடியில உருவாகற ஒரு வகை வேதிப்பொருள்) அளந்து பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் உறவுகளே. மன்னார்குடி பக்கம் எங்க வயல்ல சி.ஆர். 1009 ரக நெல் நட்டு 20 நாளாச்சு. வாய்க்கால் ஓரம் மட்டும் அடி இலை நுனி ஊதாவா இருக்கு. விரலால தேய்ச்சேன், நிறம் போகல. பூச்சியும் இல்ல, புள்ளியும் இல்ல.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைஞ்சா இலையில சர்க்கரை தேங்கி ஆந்தோசயனின்ங்கற ஊதா நிறமி கூடும்னு படிச்சேன். அதுவும் ஃபிளேவனாய்டு இனம்தான். இலைத்தோல்ல இருக்கற ஃபிளேவனாய்டுகள் 280–315 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, உள்ள ஒளிச்சேர்க்கை செய்யற பசுங்கணிகத்தைக் காக்குமாம். பயிர் தன்னைக் காப்பாத்திக்கப் போராடுதுன்னுதான் எனக்குப் படுது.

ஸ்பேட் மீட்டர் பச்சையத்தை மட்டும்தானே காட்டும்? பச்சையம், ஃபிளேவனாய்டு ரெண்டையும் அளக்கற கருவி தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் யார்கிட்டயாவது இருக்கா? ஃபிளேவனாய்டை ஆய்வகத்துல அளக்கற அலுமினியம் குளோரைடு முறையில செஞ்சவங்க, எத்தனாவது இலையைப் பறிக்கணும்னு சொல்லுங்க. மேலுரம் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சா பெரிய உதவி.