நாற்பது சதுர அடி வீணா?

தளிச்சாலை:
"ஓசூரில் வாடகைக்கு வீடு கட்டுகிறவருக்கு ஆர்க்கிடெக்ட் எதற்கு? அவருக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு போர்ஷன் கட்டிவிடலாம்" என்று பாகலூர்க்காரர் நேற்று எழுதியதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முப்பதுக்கு நாற்பது மனையில் மூன்று தளம், தளத்துக்கு இரண்டு வீடு என்று நாங்கள் கட்டியபோது, எங்கள் ஆர்க்கிடெக்ட் நடுவில் ஐந்துக்கு எட்டு அடி ஓ.டி.எஸ். (ஓப்பன் டு ஸ்கை, அதாவது கூரை போடாமல் வானத்துக்குத் திறந்துவிடும் இடம்) விட்டார். இருபுறமும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒட்டியே சுவர் எழுப்பிவிட்ட மனையில், நடுவில் இருக்கும் சமையலறைக்கும் குளியலறைக்கும் வெளிச்சம் வருவதற்கு வேறு வழியே கிடையாது.

பாகலூர்_முதலீடு:
நாற்பது சதுர அடி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மூன்று தளத்துக்கு அது 120 சதுர அடி. சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் தங்க ஓர் அறை கிடைக்காமல் அலையும் ஊரில், ஓர் அறையின் இடத்தை வானத்துக்குத் திறந்துவிட்டு, அதற்குச் சம்பளமும் கொடுத்திருக்கிறீர்கள்.

தளிச்சாலை:
ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் மூன்று நாற்பதுகளைக் கூட்டினால் 120 வரும், அறை வராது. 2011-இல் ஆர்க்கிடெக்ட் இல்லாமல், மேஸ்திரியை மட்டும் நம்பி நான் கட்டிய முதல் கட்டடத்தில் ஓ.டி.எஸ். கிடையாது, ஒரே மழைக்காலத்தில் குளியலறைச் சுவரின் சுண்ணாம்பு பெயர்ந்து, நாற்றம் தாங்காமல் இரண்டு குடும்பங்கள் காலி செய்தன. புதிய கட்டடத்திலோ, கீழ்வீட்டு அம்மா மத்தியானத்தில் விளக்குப் போடாமலே சமையலறையில் அரிசியில் கல் பொறுக்குகிறார். ஆறு வீட்டில் ஒன்றுகூட இதுவரை ஒரு மாதம் சேர்ந்தாற்போல் பூட்டிக் கிடந்ததில்லை. முதலீட்டுக்கு வருமானம் என்பது இதுதான்.

பாலக்கோடு_பொறியாளர்:
மேஸ்திரி கட்டிய வீட்டின் குறையைச் சொல்லி, ஆர்க்கிடெக்ட் இல்லாவிட்டால் வீடே இல்லை என்று முடிப்பது எங்களைப் போன்ற சிவில் பொறியாளர்களை அவமதிப்பதாகும். எந்தச் சுவருக்குப் பின்னால் காற்று வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். கட்டுமானச் செலவில் சதவீதமாகச் சம்பளம் கேட்கும் ஒருவர், அந்தச் செலவைக் குறைக்க ஏன் முயல்வார் என்பதை மட்டும் விளக்குங்கள்.

தளிச்சாலை:
சதவீதம் பிடிக்கவில்லையென்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். வரைபடத்துக்கு இவ்வளவு, கட்டும் இடத்துக்கு வந்து பார்ப்பதற்கு இவ்வளவு என்று பிரித்து வாங்காததுதான் நம் ஆட்களின் தவறு. அவமதிப்பு பற்றிப் பேசும் நீங்கள், கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகை வைக்கக்கூடாது என்று 1972-ஆம் ஆண்டின் சட்டமே சொல்லும்போது, உங்கள் ஊரில் அப்படி வைத்திருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதியதுண்டா?

பாலக்கோடு_பொறியாளர்:
என் ஊரை இழுக்க வேண்டாம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த நாளிலிருந்து, தர்மபுரிக்காரர்களுக்கு எதுவும் தெரியாது என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிட்டது. சென்ற ஆண்டு போர்வெல் விவாதத்திலும் இதே தொனியில்தான் பேசினீர்கள்.

காவேரிப்பட்டணம்:
ஊர்ச்சண்டையை விடுங்கள். வீடுகளைக் கட்டி விற்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யும் திட்டங்களில், வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக்கணக்கில் இருக்க வேண்டும். அதிலிருந்து எடுப்பதற்குப் பொறியாளர், ஆர்க்கிடெக்ட், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று தர வேண்டும். அங்கே ஆர்க்கிடெக்ட் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

பாகலூர்_முதலீடு:
நான் விற்கவில்லை, வாடகைக்கு விடுகிறேன். ரெராவுக்கு இங்கே வேலையில்லை. நாற்பது சதுர அடிக்கே வருகிறேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 10 மீட்டர் உயரம் வரையுள்ள கட்டடத்தில் காற்றுப்போக்குக்காக மேலே திறந்துவிடும் இடத்துக்கு 1.2 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 13 சதுர அடி இருந்தால் போதும் என்கிறது. மீதி 27 சதுர அடி எதற்கு?

தளிச்சாலை:
அந்த 13 சதுர அடி, கழிவறையின் காற்று வெளியேறுவதற்கான குறைந்தபட்ச அளவு. சமையலறைக்கு வெளிச்சம் தருவதற்காகச் சொன்ன அளவு அல்ல. குறைந்தபட்சத்தை அதிகபட்சமாகப் படிப்பவருக்கு ஆர்க்கிடெக்டின் அருமை எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வாருங்கள். கீழ்வீட்டுச் சமையலறையில் நின்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

பாலக்கோடு_பொறியாளர்:
பெயர்ப்பலகை பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறாதவரை நான் எங்கும் வருவதாக இல்லை.

பாகலூர்_முதலீடு:
டேப் என்னிடமும் இருக்கிறது. 27 சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வாடகை போயிற்று என்ற கணக்குதான் இன்னும் வரவில்லை.