அம்மாவின் முழங்கால் ஆபரேஷனில் பி.பி. இறங்கி பில் ஏறிவிட்டது – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோவை_மகள்:
அம்மாவுக்கு 68 வயது. போன மாதம் வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். பேக்கேஜ் 2,20,000 ரூபாய், ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். நடுவில் பி.பி. 78/40க்கு இறங்கி, கொஞ்ச நேரம் ஏறவே இல்லையாம். மறுநாள் சிறுநீர் குறைந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், 0.9 இருந்தது 2.1 ஆனது. மூன்று இரவு ஐசியூ, சிறுநீரக டாக்டர், தினமும் ரத்தப் பரிசோதனை, மேலும் நான்கு நாள் அறை வாடகை. டயாலிசிஸ் வரை போகவில்லை. அந்த மூன்று நாளும் நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் பில் 3,64,000. இன்சூரன்ஸில் 2,60,000 வந்தது. மீதிக்கு என் வளையல்கள் அடகில் இருக்கின்றன.

பணத்தைவிட இன்னொன்று என்னை அரிக்கிறது. ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கு பி.பி.க்கான டெல்மிசார்டன் மாத்திரையை வழக்கம்போல நான்தான் கொடுத்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால்தான் இப்படி ஆனதா? இடது காலுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

மயக்கவியல்_டாக்டர்:
முதலில் அந்த மாத்திரை. பிரான்சில் 2,222 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வந்தது. இந்த வகை மாத்திரையை ஆபரேஷன் நாள் வரை சாப்பிட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு பி.பி. இறங்கியது. 48 மணி நேரம் முன்பே நிறுத்தியவர்களிலும் 41 சதவீதம் பேருக்கு இறங்கியது. இறப்பும் பெரிய சிக்கல்களும் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். நீங்கள் கொடுத்த ஒரு மாத்திரையின் மேல் இத்தனையையும் ஏற்றாதீர்கள்.

முதுகு ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கே தங்கிவிடும். பி.பி. இறங்குவது எதிர்பார்க்கிற விஷயம்தான். எவ்வளவு இறங்கியது, எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. 78/40 என்றால் சராசரி அழுத்தம் சுமார் 53. நாங்கள் 65க்குக் கீழே விடாமல் பார்ப்போம். 33,330 ஆபரேஷன்களை அலசிய 2013 ஆய்வில், 55க்குக் கீழே சில நிமிடங்கள் இருந்தவர்களுக்கே சிறுநீரக, இதயப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. அழுத்தத்தை ஏற்றும் எபிட்ரின் போன்ற ஊசிகள் மலிவானவை. செலவெல்லாம் அதற்குப் பிறகு, சிறுநீரகம் அடிபட்டால் வருவது.

அம்மா எத்தனை மணியோடு தண்ணீரை நிறுத்தினார்? வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை பொதுவாக அனுமதிக்கலாம். இரவெல்லாம் வறண்டு கிடந்த உடம்பில் பி.பி. இன்னும் வேகமாக இறங்கும். வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டிருந்தால் அதுவும் சிறுநீரகத்துக்குச் சுமை. மயக்க மருந்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், பி.பி. நிமிடக் கணக்கில் அதில் இருக்கும். அடுத்த முறை வருகிற டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

டிபிஏ_11வருடம்:
சகோதரி, பேக்கேஜ் என்பது சிக்கல் இல்லாமல் முடிந்தால் மட்டும். ஐசியூவுக்கு மாற்றிய அன்றே மருத்துவமனை கூடுதல் தொகைக்கு இன்சூரன்ஸுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதியதா என்று கேளுங்கள். அப்புறம் செட்டில்மென்ட் கடிதத்தை வரிவரியாகப் பாருங்கள். அறை வாடகை வரம்பைத் தாண்டினால் டாக்டர் கட்டணம் போன்றவற்றில் விகிதப்படி வெட்டுவார்கள். ஆனால் ஐசியூ கட்டணம், மருந்து, உள்ளே பொருத்தும் மூட்டு, பரிசோதனைகள் ஆகியவற்றில் அப்படி வெட்டக் கூடாது. 2020இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொன்னது. வெட்டியிருந்தால் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள், சரியாகாவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு எடுத்த கிரியேட்டினின் பரிசோதனை ரசீதுகளையும் எறிந்துவிடாதீர்கள். பாலிசியைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் வரை அவற்றுக்கும் பணம் கேட்கலாம்.

கோவை_மகள்:
கடிதத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஐசியூ வரியிலும் 18,400 வெட்டியிருக்கிறார்கள். நாளைக்கே எழுதுகிறேன். டாக்டர், அம்மா முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு அரை டம்ளர் தண்ணீர் குடித்ததோடு சரி. ஆபரேஷன் மறுநாள் பதினொன்றரைக்கு. நாக்கு ஒட்டுகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.